ரிஜிஸ்டருக்குள் இருந்த படிவம்



முட்டி வலி எப்படி இருக்கிறது என்று போன பதிவின் கீழே நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதுதான் கொஞ்சம் சிரமம். இந்தப் பதிவு நீளமானது. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

'இறுதிச்சுற்று' படம் பார்த்தேன். "டீச்சர், அது 2016-ல வந்த படம், இப்பவா பாக்கறீங்க?" என்று சிரிப்பீர்கள். அது வந்த வருஷம் எங்கள் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். சினிமாவாவது ஒன்றாவது. இப்போது பார்க்கவும் ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் படித்த ஒருத்தி ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் இரண்டே வரி அனுப்பினாள். "டீச்சர், இறுதிச்சுற்று பாத்தீங்களா? பாக்கலன்னா பாருங்க, அப்புறம் பேசலாம்." அதைப் படித்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. அவள் எதைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவளிடம் படித்துக்காட்டிவிட்டேன். "போடுங்க டீச்சர், பேர் மட்டும் வேணாம்" என்றாள்.

தம்பி மகன் வந்து டிவியில் படத்தைப் போட்டுக் கொடுத்தான். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதி என்று மீன் விற்கிற ஒரு பெண். வடசென்னை. அவளுடைய அக்கா லக்ஸ் வருஷக்கணக்காகப் பாக்ஸிங் பழகுகிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்பதற்காகத்தான். அக்கா ஒரு போட்டியில் தோற்றதும் தங்கைக்குக் கோபம் தலைக்கேறி நடுவர்கள் மேலேயே பாய்ந்து அடிக்கிறாள். வடக்கே சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்கு மாற்றப்பட்டு வந்த பயிற்சியாளர் மாதவன் அதைப் பார்க்கிறார். வேறு யாராக இருந்தாலும் 'ரவுடிப் பெண்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அந்தக் குத்தைப் பார்க்கிறார். காசு கொடுத்து அவளைப் பயிற்சிக்கு வரவழைக்கிறார்.

சுதா கொங்கரா இயக்கிய படம். ஹிந்தியிலும் 'சாலா கடூஸ்' என்று கூடவே எடுத்தார்கள். மதியாக நடித்த ரித்திகா சிங் நிஜத்திலேயே கிக் பாக்ஸிங் பழகியவர். அந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. கையைத் தூக்கி நிற்கிற விதத்திலேயே தெரிகிறது. சினிமாவுக்காகக் கற்றுக்கொண்ட கை அல்ல அது.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வாத்தியார் மேல் ஆசைப்படுவதும், புடவை கட்டிக்கொண்டு போய் நிற்பதும் எனக்கு ஒட்டவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவள் நான். பிள்ளைகளுக்கு அந்த வயதில் அப்படி ஒரு மயக்கம் வரும், வராமல் இருக்காது. அதைத் தட்டிவிட வேண்டியது வாத்தியார் பொறுப்பு. படத்தில் அவர் தட்டத்தான் செய்கிறார், ஆனாலும் படத்துக்கு அதில் ஒரு சபலம் இருக்கிறது. அந்த மனிதர் கத்துகிற கத்தலும் குடியும் வேறு. நம் பள்ளியில் யாராவது அப்படிப் பேசியிருந்தால் நானே மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பேன்.

என்னை ராத்திரி தூங்க விடாதது மதி இல்லை, அவளுடைய அக்கா லக்ஸ்தான். சின்ன வயதிலிருந்து ஒழுங்காக வருகிறாள், சொன்னதைச் செய்கிறாள், வீட்டுக்காக உழைக்கிறாள். திடீரென்று தங்கை வந்து நிற்கிறாள், வாத்தியார் கண் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தப் பொறாமையில் அவள் தங்கையின் கையையே காயப்படுத்துகிறாள். படம் அவளைக் கெட்டவளாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நான் நகரவில்லை. என் வகுப்பில் நாற்பது பேர் லக்ஸ்தான். எந்த வருஷத்திலாவது ஒரு மதி வந்தாளா என்று எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதற்குத்தான் வருகிறேன்.

2004-05 கல்வியாண்டு. பிளஸ் ஒன்னுக்கு நான் கிளாஸ் டீச்சர். அந்த வருஷத்துப் பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள், ஞாபகம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் வரும். அதில் ஒன்றை நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வேன். இரண்டையும் எடுத்துக்கொண்ட வாரங்களும் உண்டு. "டீச்சர், கிரவுண்டு" என்று நீங்கள் முனகுவதும், "கிரவுண்டு எங்கேயும் ஓடிப்போயிடாது, பரீட்சை ஓடி வருது" என்று நான் சொல்வதும் வாடிக்கை. அதை ஒரு பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் நடு வரிசை. கணக்கு நன்றாகப் போடுவாள், அதிகம் பேச மாட்டாள். ஆடி மாதம் என்று நினைக்கிறேன், பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டான். இவள் திரும்பி ஒரே குத்து. மூக்கில் ரத்தம். மறுநாள் பையனுடைய அம்மா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவன் இழுத்தது தப்பு, நீ அடிச்சது அதவிடத் தப்பு" என்று சொல்லி, இவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவள் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்தக் குத்து எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவளுடைய தாய்மாமன் பாக்ஸிங் ஆள். வடசென்னையில் அது வீட்டுக்கு வீடு இருந்த விஷயம். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப பரம்பரை என்று சொந்தம் மாதிரி பிரித்துப் பேசுவார்கள். பின்னாளில் பா. ரஞ்சித் 2021-ல் எடுத்த படத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அந்த மாமாதான் தன் பையன்களோடு சேர்த்து இவளையும் விடியற்காலையில் பழக்கியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அரையாண்டுக்கு முன்னால் ஒரு படிவத்தோடு வந்தாள். மாவட்ட அளவில் பெண்களுக்கான பாக்ஸிங் போட்டி. பிறந்த தேதியைப் பள்ளி உறுதிசெய்ய வேண்டும். கிளாஸ் டீச்சர் கையெழுத்து, அதன் கீழே ஹெச்.எம். கையெழுத்து, பள்ளி முத்திரை. அவ்வளவுதான். காசு கேட்கவில்லை, லீவுகூடக் கேட்கவில்லை, போட்டி ஞாயிற்றுக்கிழமை. "ஹெச்.எம். கிட்ட வாங்கிக் குடுங்க டீச்சர்" என்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாங்கி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள் வைத்தேன். அங்கேயே இருந்தது.

முடியாது என்று சொல்லியிருந்தாலாவது நேர்மையாக இருந்திருக்கும். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து கேட்டாள். "ஹெச்.எம். டேபிள்ல இருக்கு" என்றேன். மறுபடி கேட்டாள். "அவங்க மீட்டிங் போயிருக்காங்க" என்றேன். மூன்றாவது தடவை கேட்கும்போது கடைசித் தேதி போயிருந்தது. "அவங்க ஒத்துக்கலம்மா, பொண்ணுங்களுக்கு இது வேணாம்னு நினைக்கறாங்க" என்றேன். எங்கள் தலைமையாசிரியை அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் இப்போது இல்லை. என் வேலையை அவர் தலையில் போட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்து, "ஒரு மாசமா புள்ள சரியா சாப்புடல டீச்சர்" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "பொம்பளப் புள்ள மூஞ்சில அடி வாங்கிக்கிட்டு வந்தா நாளைக்கு யாரு கட்டிப்பா? எங்கயாவது பொண்ணுங்க பாக்ஸிங் பண்ணுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா தலையாட்டினார். டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

எங்கயாவது பொண்ணுங்க பாக்ஸிங் பண்ணுமா என்று நான் கேட்ட அந்த நாளின் நிலவரத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பெண்களுக்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி நடந்ததே 2001 பிப்ரவரியில், நம் சென்னையில்தான். மணிப்பூரிலிருந்து வந்த மேரி கோம் அதில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே உலகச் சாம்பியன். நான் அந்த அம்மாவுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தபோது அவர் உலகப் பட்டம் வென்று இரண்டு வருஷம் முடிந்திருந்தது. 2001 பிப்ரவரியில் நான் இதே ஊரில் உட்கார்ந்து திருப்புதல் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்தார்கள். மூன்றே எடைப் பிரிவு. 48 கிலோவிலும் அதற்குக் கீழேயும் ஆடிப் பழகிய மேரி கோம், அந்த எடை இல்லாததால் 51 கிலோவுக்கு ஏறிப் போய் ஆடி வெண்கலம் வாங்கினார். அப்போது அவர் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். நான் ஓய்வு பெற்ற வருஷம் அது. வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போது அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. எழுந்து போய்க் காப்பி போட்டேன்.

படம் பார்த்து முடித்த மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் செய்தேன். பாதி படிப்பதற்குள் அவளே, "தெரியும் டீச்சர்" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"ஃபார்ம் ரிஜிஸ்டர்லதான் இருந்துச்சு. நீங்க ஒரு நாள் என்கிட்டதான் ரிஜிஸ்டரக் குடுத்து ஆபீஸ்ல வைக்கச் சொன்னீங்க. தொறந்து பாத்தேன்."

கேட்டு நெடுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன்மா, எடுத்துக்கொண்டு நேராக ஹெச்.எம்.மிடம் போயிருக்கலாமே என்று கேட்டேன். "உங்க கையெழுத்து இல்லாம எப்படி டீச்சர் போறது" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இந்தப் பெண் என் வகுப்பில் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள். பிளஸ் டூவில் இருநூறுக்கு நூற்று எண்பத்து நான்கு வாங்கி, சாக்லேட்டோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆசீர்வாதம் செய்தேன். என்ன தைரியம் எனக்கு!

நீ பெரிய வீராங்கனையாக வந்திருப்பாய், நான் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். அவள் சட்டென்று நிறுத்தினாள். "அதெல்லாம் சொல்லாதீங்க டீச்சர். நான் ஒண்ணும் மதி இல்ல. போய் ஆடியிருந்தா மொத ஃபைட்லயே தோத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனா தோத்துட்டு வந்திருப்பேன்ல?"

இதற்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் என்னைக் கூப்பிட்ட காரணம் வேறு. அவளுடைய மகள் எட்டாம் வகுப்பு. ஒரு வருஷமாகப் பாக்ஸிங் பழகுகிறாள். "ஒரு நாள் வந்து பாருங்க டீச்சர்" என்றாள். ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். ஒரு கார்ப்பரேஷன் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே போனதும் வியர்வையும் தோலும் கலந்த ஒரு வாடை. வெளியே கைப்பிடிச் சுவரில் கிளவுஸ்களை வாயைத் திறந்து வெயிலில் காயவைத்திருந்தார்கள், வடகம் காய்வது மாதிரி. பதினைந்து பதினாறு பெண் பிள்ளைகள். ஒருத்தி இன்னொருத்திக்குக் கையில் பட்டை சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் கொண்டுவந்து, மணிக்கட்டில் இறுக்கி, மறுபடி முட்டிமேல். பூத்தொடுப்பதைப் பார்ப்பது மாதிரி நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஸ்கிப்பிங். அப்புறம் தரையில் கோடு போட்டு முன்னே பின்னே நகர்வது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. பயிற்சியாளர் சின்ன வயதுப் பையன், தானும் ஆடியவர். "எப்பப்பா அடிப்பாங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "மொத மூணு மாசம் அடிக்கவே விடமாட்டோம்மா. நிக்கறது, நகர்றது, கைய மூஞ்சி கிட்ட வெச்சுக்கறது. அதுதான். கோவத்தோட வர்ற புள்ளைங்கதான் சீக்கிரமா அடி வாங்கும். கோவம் வந்தா கை எறங்கிடும்."

பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது. ஏற்கெனவே கை நீட்டுகிற பெண், இவளைப் பாக்ஸிங் அனுப்பினால் இன்னும் முரட்டுத்தனம் ஏறும் என்பதும் அன்றைக்கு என் காரணங்களில் ஒன்று. கையைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்குத்தான் அவள் போகிறேன் என்று படிவத்தை நீட்டியிருக்கிறாள்.

ஓய்வு நேரத்தில் அந்தக் குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை 'டீச்சர் பாட்டி' என்கிறாள். ஜாப் என்றால் என்ன, ஹூக் என்றால் என்ன என்று காட்டினாள். ஜாப் நேராகப் போகிறது, ஹூக் வளைந்து வருகிறது. "ஜாப்தான் பாட்டி மொதல்ல போய்ச் சேரும்" என்றாள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மிகக் குறைந்த தூரம் நேர்கோடு. முப்பது வருஷம் சாக்பீஸால் போட்டுக் காட்டினேனே, ஒரு தடவை இப்படிச் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சும் கேட்டிருக்கும்.

உறவுகளில் சிலர் இந்நேரம், "இந்த வயசுல அக்காவுக்கு ஏன் இந்த வேலை, நாளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணுங்களையும் அனுப்பச் சொல்வாங்க" என்று முணுமுணுப்பீர்கள். சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் பயந்த எல்லாமே பொய் என்றும் சொல்ல மாட்டேன். இது தலையில் அடி விழுகிற விளையாட்டு. ஹெட் கார்டு உண்டு, பல்லுக்கு ஒரு கவசம் உண்டு, இருந்தாலும் அந்தக் குழந்தை ஸ்பாரிங் செய்யும்போது நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். படத்தில் வருகிற சங்க அதிகாரி மாதிரி, பெண் பிள்ளைகளின் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களும் உலகத்தில் உண்டு. அதனால்தான் இவள் மாலை ஆபீஸ் முடிந்ததும் நேராக ஷெட்டுக்கு வந்து, முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். பயம் இருந்தால் கூடப் போய் உட்காரலாம். எனக்கு 2004-ல் அது தோன்றவில்லை. ரிஜிஸ்டரை மூடுவது சுலபமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டிக்கு முதல் போட்டி. நீல மூலை. மூன்று சுற்றும் சில நிமிடத்தில் முடிந்துவிட்டது, நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஒரு சுற்றே போய்விட்டது. நடுவர் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். சிவப்பு மூலைப் பெண்ணின் கை மேலே போனது. குட்டி எதிராளிக்குக் கை கொடுத்தாள், எதிர் மூலைக்குப் போய் அவர்கள் பயிற்சியாளருக்கும் கை கொடுத்தாள், இறங்கி வந்து அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு நான் கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சை சாதத்தில் இரண்டு டப்பாவைக் காலி செய்தாள். கீழ் உதடு கொஞ்சம் வீங்கியிருந்தது. அவள் அம்மா ஐஸ் ஒத்திக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு போட்டி இருக்கிறதாம். இடமும் தேதியும் உறுதியானதும் எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிற மாணவிகள் யாராவது வந்தால் நன்றாக இருக்கும், நம் பள்ளிச் சத்தம் கேட்கட்டும். யாரும் ஸ்வீட் பாக்ஸ் மட்டும் கொண்டு வராதீர்கள். காலையில் எடை பார்ப்பார்கள், கொஞ்சம் கூடினாலும் அவள் பிரிவில் ஆட விடமாட்டார்கள். எலுமிச்சை சாதத்தைப் போட்டி முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று எனக்கே உத்தரவு.